அக்காவைக் கணக்கில் சேர்த்தீர்களா?

வாசகி எழுதியதன் சுருக்கம்:

"எனக்கு 62 வயது. பருத்தித்துறைப் பக்கம், ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. 26 வயதில் கலியாணம் முடித்தேன். 1996 இல் கொழும்புக்கு வந்து இன்றுவரை வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு 34 வயது, வங்கியில் நல்ல பதவி. பத்து வருடமாகச் சாதகத்தோடு அலைந்தும் ஒன்றும் சரிவரவில்லை. இப்போது அவள், 'போதும் அம்மா, விடுங்கோ' என்கிறாள். மகன் ரொறன்ரோவில். 2021 இல் கலியாணம் செய்து, இரண்டு வருடத்தில் பிரிந்து, விவாகரத்தும் முடிந்துவிட்டது. சொந்தக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை. எங்கள் காலத்தில் ஒருவரும் இப்படிப் பிரிந்ததில்லை. மூத்த அக்கா மட்டும் 1982 இல் புருஷனோடு சரிவராமல் வீட்டுக்கு வந்து, கடைசிவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருந்தா. இப்ப பத்துக் கலியாணத்தில் நாலு முறிகிறது என்று வட்ஸ்அப்பில் வருகிறது. இந்தத் தலைமுறைக்கு என்ன நடந்தது? நாங்கள் வளர்த்ததில் பிழையா? பேரப்பிள்ளையைக் காணாமலே போய்விடுவேனோ?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். வளர்த்ததில் பிழையா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. முப்பது வருடமாக இந்த நாட்டின் பிறப்பு, விவாக, இறப்புக் கணக்குகளோடு இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நடந்திருப்பவற்றில் பெரும்பகுதி உங்கள் பிள்ளைகள் எந்த ஆண்டில் பிறந்தார்கள் என்பதோடு சம்பந்தப்பட்டது. குணத்தோடு சம்பந்தப்பட்டது கொஞ்சம்தான்.

குடித்தொகைப் படிப்பில் நான் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம், ஆளின் வயதைக் கேட்காதே, பிறந்த ஆண்டைக் கேள் என்பது. பள்ளிக்கூடத்தில் 'எங்கட செட்' என்று சொல்வோமே, அதுதான் விஷயம். ஒரே காலத்தில் பிறந்த செட் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போகிறது, ஒன்றாக வேலை தேடுகிறது, ஒன்றாகக் கலியாணச் சந்தைக்கு வருகிறது, ஒரே குண்டுவீச்சுக்கும் ஒரே விலைவாசிக்கும் முகம் கொடுக்கிறது. 34 வயதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா 1931 இல் பிறந்து 19 வயதில் கலியாணம் முடித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு 34 வயது வந்தபோது 1965. அதற்குள் நீங்கள் ஐந்து பேர் பிறந்துவிட்டீர்கள். உங்களுக்கு 34 வந்தபோது 1997. கையில் இரண்டு பிள்ளைகள், கொழும்பில் பொலிஸ் பதிவு, வாடகை வீடு. மகளுக்கு இப்போது 34. ஒரே வீட்டுப் பெண்கள் மூவர் ஒரே வயதில் மூன்று வேறு நாடுகளில் வாழ்ந்த மாதிரித்தான்.

அம்மா 19 வயதில், நீங்கள் 26 வயதில். ஏழு வருடம் தள்ளிப் போயிருக்கிறது. உங்களுக்கும் மகளுக்கும் இடையில் இன்றைக்கு எட்டு வருடம். மகளுடைய எட்டு உங்கள் கண்ணில் குத்துகிறது. உங்களுடைய ஏழு உங்கள் அம்மாவின் கண்ணில் குத்தியிருக்கும். பெண் பிள்ளைகளைப் படிக்கவிட்டதால்தான் இப்படி என்று அந்தக் காலத்தில் ஊரில் யாராவது சொன்னார்களா என்று யோசித்துப் பாருங்கள். கட்டாயம் சொல்லியிருப்பார்கள். இலங்கையில் பெண்களின் சராசரி விவாக வயது 1901 இல் 18 ஐச் சற்றுத் தாண்டியிருந்தது. 1946 இல் 20.7. 1971 இல் 23.5. 1981 இல் 24.4. ஆசியாவில் வேறு பல இடங்களில் பெண்கள் இன்னும் பதின்ம வயதில் கலியாணம் முடித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் சிறிய தீவில் இது நடந்தது. 1945 இல் வந்த இலவசக் கல்விக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் கல்வி மட்டும் காரணமில்லை. இன்னொன்று இருக்கிறது. அது உங்கள் மகளின் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1946 இல் இந்த நாட்டில் ஆயிரம் பேருக்கு 20 பேர் இறந்தார்கள். அடுத்த வருடமே அது 14 ஆகிவிட்டது. டி.டி.ரி. என்ற பூச்சிமருந்தைத் தெளித்து மலேரியாவை அடித்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். 1946 இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 ஒரு வயதைத் தாண்டவில்லை. 1947 இல் அந்த எண்ணிக்கை 101. ஒரே வருடத்தில் இவ்வளவு இறக்கம் உலகத்தில் அபூர்வம். பிள்ளைகள் பிறந்து தப்பியும் வாழத் தொடங்கினார்கள். ஒவ்வொரு செட்டும் அதற்கு முந்திய செட்டை விடப் பெரிதாக வந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பெண் குழந்தைகள் வளர்ந்து 1970 அளவில் கலியாண வயதுக்கு வந்தபோது ஒரு சிக்கல் வந்தது. மாப்பிள்ளை நாலைந்து வயது மூத்தவராக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நாலைந்து வருடம் முன்னர் பிறந்த ஆண்களின் செட் சிறியது. பெரிய செட் பெண்கள் சிறிய செட் ஆண்களைத் தேட வேண்டி வந்தது. அந்த ஆண்களிலும் பலர் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தார்கள். 1971 இல் தெற்கில் இளைஞர்கள் செய்த கிளர்ச்சிக்குப் பின்னால் இருந்த கோபத்தில் பெரும்பகுதி அதுதான். வேலையில்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பெண்கள் காத்திருந்தார்கள். விவாக வயது ஏறியது, பிறப்பு இறங்கியது. ஒரு பெண்ணின் குணமும் கெட்டுப்போகவில்லை.

1963 இல், நீங்கள் பிறந்த வருடம், ஆயிரம் பேருக்கு 34 குழந்தைகள் பிறந்தன. 2024 இல் அது ஏறக்குறைய 10. நீங்கள் ஏழு பேர் இருந்த வீட்டில் வளர்ந்து இரண்டு பிள்ளை பெற்றீர்கள். உங்கள் தலைமுறைதான் அந்தப் பெரிய மாற்றத்தைச் செய்து முடித்தது. 1993 இல் எடுத்த ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.3 பிள்ளைகள்தான். ஏழு எங்கே, 2.3 எங்கே! 'இந்தத் தலைமுறைக்கு என்ன நடந்தது' என்று உங்களைப் பார்த்துக் கேட்க உங்கள் அம்மாவுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

இப்போது உங்கள் மகளின் செட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் தலைமுறைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களை இங்கே இளம் பிள்ளைகளும் சொல்கிறார்கள். 1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள் 'பூமர்' என்பது, அங்கே யுத்தம் முடிந்து பிறப்பு எகிறி, 1957 இல் 43 இலட்சத்தைத் தொட்டுப் பின் இறங்கிய கணக்கு. அடுத்து 1965 முதல் 1980 வரை பிறந்தவர்களை 'எக்ஸ்' என்கிறார்கள். அவர்களின் பெற்றோர் காலத்தில்தான் அங்கே விவாகரத்து இரட்டித்தது. 1965 இல் ஆயிரம் பேருக்கு 2.5 ஆக இருந்தது 1980 இல் 5.2. அந்தப் பிள்ளைகள் கழுத்தில் வீட்டுத் திறப்பைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள். அது அவர்களுடைய கதை. அந்த எல்லைக்கோடுகளை வைத்து எங்களை அளந்தால் ஒன்றும் பிடிபடாது. எங்கள் செட்டுகளை வெட்டிப் பிரித்தவை வேறு ஆண்டுகள். 1983, கலவரம். 1995 ஒக்ரோபர், யாழ்ப்பாண இடப்பெயர்வு. 2009, போரின் முடிவு. 2022, பொருளாதார நெருக்கடி.

நீங்கள் 1983 இல் 20 வயது. உங்களோடு உயர்தரம் படித்த பொடியன்களில் 1990 இல் எத்தனை பேர் ஊரில் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விரல் விட்டு எண்ணலாம். சிலர் லண்டன், பரிஸ், ரொறன்ரோ. சிலர் இயக்கத்தில். சிலர் இல்லை. மகள் 1991 இல் பிறந்தவள். நாலு வயதில் இடப்பெயர்வு, 18 வயதில் முள்ளிவாய்க்கால். கொழும்பில் வளர்ந்தாலும் அவளுக்கு மாப்பிள்ளையாக வரக்கூடிய 1985 முதல் 1990 வரையான ஆண்கள் செட் எப்படிப்பட்டது? போரும் புலம்பெயர்வும் அரித்தெடுத்த செட். அதற்கு மேல் 2022 வந்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். மாணவ விசாவிலும் நிரந்தரமாகவும் போனவர்கள் அதற்கு வெளியே. நாடு முழுவதும் விவாகப் பதிவுகள் 2022 இல் சுமார் 1,71,000 ஆக இருந்து, 2024 இல் 1,40,000 அளவுக்கு இறங்கிவிட்டன. உங்கள் மகள் தனியாக நிற்கவில்லை.

நீங்கள் அனுப்பிய கலியாணப் புறோக்கர் படிவத்தையும் பார்த்தேன். பிழையாக எடுக்காதீர்கள், அதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். எண்கள் கற்பனை, ஆனால் கணக்கு நடக்கும் விதம் உண்மை. உங்கள் கைக்கெட்டும் தூரத்தில், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் சேர்த்து, கலியாணம் ஆகாத தமிழ் ஆண்கள் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். மகளை விட இரண்டு முதல் ஆறு வயது மூத்தவர் என்றால் முந்நூறு. பட்டதாரியாக இருக்க வேண்டும் என்றால் நாலில் ஒன்று, எழுபத்தைந்து. பல்கலைக்கழகங்களில் இன்று பெண்கள்தான் கூட, அதனால் இந்த வடிகட்டல் வருடா வருடம் இறுகிக்கொண்டே போகிறது. சமயமும் 'எங்கட ஆக்கள்' என்பதும் சேர்ந்தால் மூன்றில் ஒன்று, இருபத்தைந்து. பொருத்தம் பார்த்தால் பாதி, பன்னிரண்டு.

பிறகு செவ்வாய். லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆம் இடங்களில் செவ்வாய் நின்றால் தோஷம் என்கிறோம். பன்னிரண்டு வீட்டில் ஐந்து. விதிவிலக்குகளை விட்டுப் பார்த்தால் நூறு பேரில் நாற்பது பேருக்கு மேல் தோஷக்காரர். ஏதோ அபூர்வமான குறை என்று நினைத்திருப்பீர்கள், அல்லவா? மகளுக்குத் தோஷம் இல்லை, அதனால் மாப்பிள்ளைக்கும் இருக்கக் கூடாது என்றால் பன்னிரண்டு பேர் ஏழு பேர் ஆகிறார்கள். கடைசியாகப் படிவத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி: 'முதல் கலியாணமாக இருக்க வேண்டும்.' ஆறு பேர். அந்த ஆறு பேரின் தாய்மாரும் தங்கள் படிவத்தில் '30 வயதுக்கு உட்பட்ட பெண்' என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கடைசி வரியை நான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் மகன் நல்ல பிள்ளை என்று கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். அவரைப் போன்ற ஒருவர் உங்கள் மகளுக்கு வந்திருந்தால் நீங்கள் சாதகத்தை வாங்கியே இருக்க மாட்டீர்கள்.

நம்பிக்கை பிறப்புக் கணக்கையே திருப்பிப்போடும் என்பதற்கு ஜப்பானில் ஓர் உதாரணம் இருக்கிறது. அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும் 'நெருப்புக் குதிரை' ஆண்டில் பிறக்கும் பெண் புருஷனுக்கு ஆகாதவள் என்று அங்கே ஒரு பேச்சு. 1965 இல் அங்கே 18 இலட்சத்துக்கு மேல் குழந்தைகள். 1966, குதிரை ஆண்டு, 13.6 இலட்சம். 1967 இல் மறுபடி 19 இலட்சத்தைத் தாண்டியது. ஒரு வருடத்துக் குழந்தைகளில் கால்வாசி வராமலே போய்விட்டது. எங்கள் செவ்வாயும் அதே வேலையைத்தான் செய்கிறது, பிறப்பில் செய்யாமல் கலியாணத்தில் செய்கிறது. நான் கோயிலுக்குப் போகிறவள். சாதகம் பார்க்காதே என்று உங்களுக்குச் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு நிபந்தனைக்கும் எத்தனை ஆட்கள் விலையாகப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு நிபந்தனை வையுங்கள்.

இனி விவாகரத்து. 'எங்கள் காலத்தில் ஒருவரும் பிரிந்ததில்லை' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அக்காவை எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்ததும் எனக்கு 1981 மார்ச் ஞாபகம் வந்தது. அந்த மாதம் 17 ஆம் தேதி நாடு முழுவதும் குடிசன மதிப்பீடு. நான் அப்போது இளம் ஆசிரியை. எங்களைத்தான் கணக்கெடுப்புக்குப் போட்டார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு வளவுக்குள் பத்துப் பன்னிரண்டு வீடுகள். ஒரு வீட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் தையல் மெசினில் இருந்து எழும்பாமலே பதில் சொன்னா. விவாக நிலை என்று கேட்டேன். மெசின் நின்றது. உள்ளே இருந்து அவவின் தாய், "கலியாணம் முடிச்சதெண்டு எழுது பிள்ளை" என்றா. கணவர் எங்கே என்று கேட்கவேண்டியது என் வேலை. "வெளியூர்" என்றா தாய். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் மறுபடி மெசினை மிதித்தா. பக்கத்து வீட்டில் விசாரித்தபோது அவர் போய்ப் பதினொரு வருடம் என்று சொன்னார்கள். நான் 'விவாகமானவர்' என்றுதான் எழுதினேன். இந்தத் தொழிலில் நான் செய்த முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று. இன்றும் உறுத்துகிறது.

உங்கள் அக்கா 1982 இல் வீட்டுக்கு வந்தா. கடைசிவரை பதிவேட்டில் அவ விவாகமான பெண். விவாகரத்துக் கணக்கில் அவ ஒருநாளும் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. எங்கள் பொதுச் சட்டத்தில் விவாகரத்து வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மற்றவரின் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். பிறர்மனை தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. இந்த மூன்றில் ஒன்று. இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே வர இன்றும் வழியில்லை. மலைநாட்டுச் சிங்களவருக்கான கண்டிச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களுக்கு அந்த வழி உண்டு, எங்களுக்கு இல்லை. பருத்தித்துறையில் 1982 இல் எந்தப் பெண் கூண்டில் ஏறிப் புருஷனின் குற்றத்தைச் சொல்வா? உங்கள் மகன் இருப்பது கனடாவில். அங்கே ஒரு வருடம் பிரிந்து இருந்தாலே போதும். அதே அக்கா இன்று ரொறன்ரோவில் இருந்திருந்தால் விவாகரத்தானவர். அதே மகன் 1982 இல் ஊரில் இருந்திருந்தால் 'வெளியூரில் வேலை' என்று சொல்லி முடித்திருப்பீர்கள். இரண்டு பேரின் துன்பமும் ஒன்றுதான். ஒன்று எண்ணப்பட்டது, மற்றது எண்ணப்படவில்லை.

அந்த வட்ஸ்அப் செய்தி, 'பத்துக்கு நாலு'. அதை அனுப்பியவருக்கே கணக்குத் தெரியாது. ஒரு ஊரில் வருடம் ஆயிரம் கலியாணம் நடக்கிறது, இருபது வருடமாக நடக்கிறது என்று வையுங்கள். இருபதினாயிரம் தம்பதிகள். இந்த வருடம் அவர்களில் இருநூறு சோடி பிரிகிறது. நூற்றுக்கு ஒன்று. அடுத்த வருடமும் அதே இருநூறுதான், ஆனால் பொருளாதாரம் விழுந்து புதுக் கலியாணம் ஐந்நூறாகக் குறைந்துவிட்டது. இருநூறை ஐந்நூறால் பிரித்து, 'பத்துக் கலியாணத்தில் நாலு முறிகிறது' என்று போட்டுவிடுவார்கள். பிரிந்தவர் தொகை ஒன்றுகூடக் கூடவில்லை. இந்த வருடம் பிரிந்தவர்கள் இந்த வருடம் கலியாணம் முடித்தவர்களும் இல்லை. கலியாணம் குறையக் குறைய இந்தப் பங்கு தானாக ஏறும். இலங்கையில் விவாகரத்து முன்னரைவிடக் கூடியிருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் அந்த எண் பொய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பெற்றோர் பிரிந்ததைப் பார்த்து வளர்ந்த செட்டும் அதற்குப் பிறகு வந்த செட்டும் கலியாணத்தை அவசரப்பட்டுச் செய்யவில்லை. பிந்திச் செய்தார்கள். அங்கே விவாகரத்து 1980 அளவில் உச்சத்தைத் தொட்டு, இன்று பாதிக்குக் கீழே வந்துவிட்டது. இருபது வயதில் கட்டுகிறவர்களை விட முப்பதை அண்டிக் கட்டுகிறவர்கள் பிரிவது குறைவு. கலியாணம் செய்வோர் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம்தான், ஆனால் செய்தவர்களின் வயதும் நிதானமும் பெரிய காரணம். ஆக, மகள் பிந்துவது கலியாணத்துக்கு எதிரான காரியம் என்று எடுக்கத் தேவையில்லை.

பேரப்பிள்ளை பற்றிக் கேட்டீர்கள். பொய் சொல்ல மாட்டேன். கிடைக்காமலும் போகலாம். 2020 இல் இந்த நாட்டில் மூன்று இலட்சத்துக்குச் சற்று மேல் பிறப்புகள். 2024 இல் சுமார் இரண்டு இலட்சத்து இருபதினாயிரம். நாலு வருடத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. கலியாணம் தள்ளிப்போனால் பிறப்பும் தள்ளிப்போகும், தள்ளிப்போனதில் ஒரு பகுதி வராமலே விடும். முப்பத்தைந்துக்குப் பிறகு உடம்பு காத்திருக்காது என்பது மகளுக்கும் தெரியும். அவளுக்குப் பிள்ளை ஆசை இருந்தால், கலியாணப் பேச்சோடு முடிச்சுப் போடாமல், இந்த வருடமே ஒரு மகப்பேற்று நிபுணரைப் பார்த்துக் கதைக்கட்டும். ஆசை இல்லையென்றால் அந்தக் கதையை அவளிடம் எடுக்காதீர்கள்.

(உங்களைப் போன்ற தாய்மாருக்கு ஒரு தகவல். இந்த இறக்கம் இனி ஆண் பிள்ளைகளைத்தான் பிடிக்கப்போகிறது. 2020 இல் பிறந்த பையன்கள் ஒன்றரை இலட்சம். அவர்களுக்கு நாலு வயது இளைய, 2024 இல் பிறந்த பெண் பிள்ளைகள் ஒரு இலட்சத்து ஏழாயிரம் அளவு. மாப்பிள்ளை நாலு வயது மூத்தவர் என்ற வழக்கத்தை அப்படியே வைத்திருந்தால் 2050 அளவில் நூறு பையன்களுக்கு எழுபது பெண்கள். அப்போது யாருடைய சாதகக் கட்டு தடிக்கும் என்று பாருங்கள்.)

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. உங்கள் அம்மாவைக் கடைசியில் யார் பார்த்தது? அக்கா. ஏழு பேரில் ஒருவர் வீட்டில் நின்றா, மற்ற ஆறு பேரும் காசு அனுப்பினீர்கள், மாறி மாறி வந்து நின்றீர்கள். உங்களுக்கு இரண்டு பேர். ஒருவர் பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால். 2012 இல் இந்த நாட்டில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 8 பேர். 2024 குடிசன மதிப்பீட்டில் அது 12.6. 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் 25 இலிருந்து 20.7 ஆக இறங்கிவிட்டார்கள். உங்கள் பெரிய செட் முதுமைக்குள் நுழைகிறது, பார்க்கப்போகிற செட் சிறியது. உங்கள் வீட்டில் அந்தச் சிறிய செட் என்பது மகள் ஒருத்திதான். உங்கள் கணவரின் கிளினிக்குக்கு மாதாமாதம் லீவு போட்டுக் கூட்டிப் போகிறவளும் அவள்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அக்காவின் இடத்தில் இப்போது மகள் நிற்கிறாள். அக்காவுக்கு ஊரும் ஆறு சகோதரங்களும் பின்னால் இருந்தன. மகளுக்கு அவை இல்லை.

அதனால் என் ஆலோசனை கலியாணத்தைப் பற்றியதாக இருக்காது. மகளுக்குச் சீதனமாக என்று வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டையும் நகையையும் ஒதுக்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கலியாணம் நடந்தால் தருவது என்று பத்து வருடமாக அது கிடக்கிறது. அதை இப்போதே அவள் பெயருக்கு எழுதுங்கள். நீங்கள் இருவரும் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் வாழும் உரிமையை உறுதிப் பத்திரத்திலேயே வைத்துக்கொள்ளலாம். உறுதி எழுதும் நொத்தாரிசு அதற்கு வழி சொல்வார். சீதனம் என்பது எங்கள் வழக்கில் மகளுடைய சொத்து. மாப்பிள்ளை வருவதை எதிர்பார்த்து நிறுத்தி வைக்கும் கட்டணமாக அதை நாங்கள்தான் ஆக்கிவைத்தோம்.

மகனின் விஷயத்தை உறவுக்குச் சொல்லிவிடுங்கள். பெரிய கூட்டத்தில் வேண்டாம். முதலில் உங்களுக்கு நெருங்கிய தங்கைக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அக்காவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'அக்கா வந்த மாதிரித்தான் இவனும்.' உங்கள் வீட்டில் ஒரு பிரிவை முன்னரே தாங்கியிருக்கிறீர்கள், அந்த அக்காவைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். மகனையும் தாங்குவீர்கள். ஒளித்து வைத்தால் அவர் அடுத்த தரம் ஊருக்கு வரும்போது விமான நிலையத்திலேயே பொய் சொல்லத் தொடங்க வேண்டும்.

மகளோடு கதைக்கும்போது 'ஏன் வேண்டாம்' என்று கேட்காதீர்கள். பத்து வருடத்தில் எத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், ஒவ்வொரு தரமும் அவள் சேலை கட்டி, தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றது எப்படி இருந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு, நீங்கள் வைத்திருக்கும் சாதகக் கட்டையும் புறோக்கர் படிவத்தையும் அவள் கையில் கொடுங்கள். எந்த நிபந்தனையை வெட்டுவது, எதை வைப்பது, கட்டையே மூடிவிடுவதா என்பதை அவள் தீர்மானிக்கட்டும். 'முதல் கலியாணமாக இருக்க வேண்டும்' என்ற வரியை மட்டும், கொடுப்பதற்கு முன் நீங்களே உங்கள் கையால் வெட்டிவிடுங்கள்.

நொத்தாரிசிடம் போகும் அன்றைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வங்கியில் வேலை செய்கிறவள், உறுதியை வாசித்துப் பார்ப்பாள்.